இன்னொரு மலையில் ஒரு பிரதி

2025 தைப்பொங்கலுக்கு முதல் நாள், வீடு கழுவுவதற்காக மேசையை நகர்த்தினேன். மேசையின் மேல் இருந்த யூஎஸ்பி ஹார்ட் டிஸ்கின் வயர் மேசைக் காலில் மாட்டியிருந்ததைக் கவனிக்கவில்லை. இரண்டரை அடி உயரம்தான். கீழே சிமெந்துத் தரை. எடுத்துத் துடைத்து மடிக்கணினியில் செருகியபோது உள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. டிக், டிக், டிக், சற்று ஓய்வு, மீண்டும் டிக், டிக். அடுப்படியில் இருந்த அம்மா, “பல்லி சொல்கிறது, கேட்டாயா? எந்தத் திசையில் இருந்து சொல்கிறது?” என்றார். நான் பதில் சொல்லவில்லை.

அந்த டிஸ்கில் இருந்தது என் அப்பாவின் ஸ்டூடியோ. ஹட்டன் நகரில் ஒரு மாடிப்படிக்குக் கீழே, இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் வெளியே நிற்க வேண்டிய அளவு இடத்தில், இருபத்தைந்து வருடங்கள் அப்பா படம் எடுத்தார். கல்யாணப் படங்களை விட அடையாள அட்டைக்கும் பிரஜாவுரிமை விண்ணப்பத்துக்கும் எடுத்த படங்களே அதிகம். எண்பதுகளில் தோட்டத்து ஆட்கள் சனிக்கிழமைகளில் வரிசையாக வருவார்களாம். ஸ்டூடியோவில் தொங்கிய ஒரே கோட்டை ஆண்கள் எல்லோரும் மாறி மாறிப் போட்டுக்கொண்டு உட்காருவார்களாம். அந்த நெகட்டிவ்களில் ஏறக்குறைய பதினான்காயிரத்தை மூன்று வருடங்களாக, பாடசாலை விட்டு வந்த பிறகு, ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து வைத்திருந்தேன். இப்போதும் மாதத்துக்கு ஒருவராவது வருகிறார்: “மாஸ்டர், எங்கள் அம்மாவுக்கு வேறு படமே இல்லை, உங்கள் அப்பா எடுத்தது இருக்குமா?”

ஒரே பிரதி. கணினி பற்றிப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறவன் நான். இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

அசல் நெகட்டிவ்கள் இருக்கின்றனவே என்று கேட்பீர்கள். இருக்கின்றன. டிக்கோயாவின் மூட்டத்தில் முப்பது வருடம் இருந்த ஃபிலிம் என்ன கதியில் இருக்கும் என்று மலையகத்தில் வாழ்ந்தவர்களுக்குத் தெரியும். பூஞ்சணம் வேர் விட்டதுபோல முகங்களின் மேல் படர்ந்திருக்கிறது. ஸ்கேன் செய்த பிறகு கெட்டவையே ஆயிரக்கணக்கில் இருக்கும்.

கொழும்பில் தரவு மீட்கும் கடை ஒன்றுக்கு டிஸ்கைக் கொண்டுபோனேன். படிக்கும் தலை தட்டின் மேல் உரசியிருப்பதாகவும், தூசி புகாத அறையில் திறந்து பார்க்க வேண்டும் என்றும் சொன்னார்கள். கேட்ட தொகை என் இரண்டு மாதச் சம்பளம். கொடுத்தேன். மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்தது, ஆனால் கோப்புகளின் பெயர்கள் வரவில்லை. யார், எந்தத் தோட்டம், எந்த வருடம் என்று அப்பாவின் பதிவுக் கொப்பியைப் பார்த்து நான் இட்டிருந்த பெயர்கள் எல்லாம் போய், எண்கள் மட்டும் மிஞ்சின. பெயர் இல்லாத ஒன்பதாயிரம் முகங்கள். அவற்றுக்குப் பெயர் தேடும் வேலை இன்றும் நடக்கிறது.

ஆகவே வீட்டுக்கு ஒரு நாஸ் பெட்டி வாங்குவது என்று தீர்மானித்தேன். வீட்டு வலையமைப்பில் எப்போதும் விழித்திருந்து, எல்லாக் கணினிகளும் கைபேசிகளும் எடுத்து வைத்துப் பயன்படுத்தக்கூடிய ஒரு பொதுப் பரண் என்று வைத்துக்கொள்ளுங்கள். தீர்மானித்ததும் செய்த முதல் தவறு, நான்கு டிஸ்க் இடும் பெரிய பெட்டிகளைப் பார்த்து ஏங்கியது. பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஒரு நெகட்டிவ் ஸ்கேன் சுமார் 60 மெகாபைட். பதினான்காயிரம் என்றால் 840 ஜிகாபைட். பாடசாலை நாடகங்களும் நான் பதிவு செய்த காமன் கூத்தும் 300. குடும்பப் படங்கள் 150. எல்லாம் சேர்ந்து 1.3 டெராபைட். இரண்டு 4 டெராபைட் டிஸ்குகளை ஒன்றுக்கொன்று கண்ணாடிபோல, ஒன்றில் எழுதுவது மற்றதிலும் அப்படியே எழுதப்படும்படி, வைத்தால் பத்து வருடத்துக்குப் போதும். 4 என்று பெட்டியில் அச்சிட்டிருந்தாலும் கணினி 3.63 என்றுதான் காட்டும். விற்பவர் ஆயிரத்தில் பெருக்குகிறார், கணினி 1,024இல் வகுக்கிறது. அதற்காகக் கடைக்காரருடன் சண்டைக்குப் போக வேண்டாம்; எனக்குத் தெரிந்த ஒருவர் போனார்.

பெட்டியையே வாங்காமல் பழைய மேசைக் கணினியில் ட்ரூநாஸ் அல்லது ஓபன்மீடியாவால்ட் போட்டுக்கொள்ளலாம், மென்பொருள் இலவசம், என்று பாடசாலையில் என்னுடன் படிப்பிக்கும் நண்பர் வற்புறுத்தினார். தொழில்நுட்பமாக அவர் சொன்னது முழுக்கச் சரி. ட்ரூநாஸில் இருக்கும் இசட்எஃப்எஸ் கோப்பு முறைமையை விட நம்பகமானதை வீட்டுக்குள் கொண்டுவருவது கடினம். ஆனால் என் பழைய கணினி சும்மா இருக்கும்போதே 60 வாட் இழுக்கிறது. நாள் முழுவதும், மாதம் முழுவதும் என்றால் 43 அலகு. எங்கள் வீட்டு மின்பட்டியல் மாதம் 50 அலகுக்குள் நிற்கிறது. 60ஐத் தாண்டினால் கட்டண வீதமே வேறு. இலவச மென்பொருளுக்கு மாதாமாதம் பணம் கட்டுவதாக முடியும். நான் கடைசியில் வாங்கிய சைனாலஜி டிஎஸ்223 பெட்டி வேலை செய்யும்போது சுமார் 17 வாட், அதாவது மாதம் 12 அலகு. டிஸ்குகள் தூங்கும் இரவுகளில் அதைவிடக் குறைவு. ராஸ்பெரி பை என்ற கையளவுக் கணினியையும் யோசித்தேன். யூஎஸ்பியில் தொங்கும் இரண்டு டிஸ்குகள், அவற்றுக்குத் தனி மின்சாரம், எங்கள் வீட்டு வோல்டேஜ் ஏற்ற இறக்கம். யோசனை அதோடு நின்றது. மேசையில் தொங்கும் வயர்களால் பட்டது போதும்.

நான் பெட்டி தேடிக்கொண்டிருந்த 2025 ஏப்ரலில் சைனாலஜி நிறுவனம் தன் புதிய பிளஸ் வரிசைப் பெட்டிகளில் தான் அங்கீகரித்த டிஸ்குகளுக்கு மட்டுமே முழு ஆதரவு என்று அறிவித்தது. எதிர்ப்பு பலமாக இருந்ததால் அக்டோபரில் பின்வாங்கியது. நான் வாங்கியது அந்த வரிசை அல்ல, கீழ்ப்படி, அதனால் தப்பினேன். ஆனாலும் பெட்டி வாங்குகிறவர்கள் ஒன்றை யோசித்துக்கொள்ள வேண்டும்: ஐந்து வருடம் கழித்து ஒரு டிஸ்க் செத்தால், ஹட்டனிலோ கண்டியிலோ கிடைக்கும் டிஸ்கைப் போட்டு ஓட்ட முடியுமா?

டிஸ்க் விஷயத்தில் ஒரு நுணுக்கம் உண்டு, அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். விலை குறைந்த பல டிஸ்குகளில் எஸ்எம்ஆர் என்ற முறையில் பதிவுத் தடங்களை ஒன்றின் மேல் ஒன்று சற்றே ஏறியிருக்கும்படி எழுதுகிறார்கள். லயத்து, அதாவது தோட்டத்து வரிசை வீட்டு, கூரையில் தகரம் அடித்திருப்பதை நினைத்துப் பாருங்கள். மேல் தகரத்தின் ஓரம் கீழ்த் தகரத்தின் மேல் ஏறியிருக்கும். இடம் மிச்சம், மழையும் ஒழுகாது. ஆனால் நடுவில் ஒரு தகரத்தை மாற்ற வேண்டுமானால் அதற்கு மேலே இருப்பதை எல்லாம் கழற்ற வேண்டும். எஸ்எம்ஆர் டிஸ்கும் அப்படித்தான்: பழைய இடத்தில் புதிதாக ஒன்று எழுத வேண்டுமானால் பக்கத்துத் தடங்களையும் சேர்த்து மறுபடி எழுதுகிறது. படங்களை ஒருமுறை கொட்டி வைக்க அது போதும். நாஸ் பெட்டியில், செத்த டிஸ்குக்குப் பதிலாகப் புதியதைப் போட்டு முழுவதையும் திரும்ப எழுதும் வேளையில், அது மூச்சுத் திணறும். நாஸுக்கென்றே விற்கப்பட்ட சில டிஸ்குகள் இந்த வகை என்பது 2020இல்தான் வெளியே வந்தது. அதுவரை அட்டைப்பெட்டியில் சொல்லவில்லை. ஆகவே தடங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறாத சிஎம்ஆர் வகை என்று தயாரிப்பாளரின் அட்டவணையில் உறுதி செய்துகொண்டு வாங்கினேன். இரண்டையும் ஒரே கடையில் வாங்கவில்லை. ஒரே நாளில் ஒரே தொழிற்சாலையில் பிறந்தவை ஒரே வாரத்தில் சாகக்கூடும் என்ற பயம்தான்.

மலை உயரம் டிஸ்கைப் பாதிக்குமா என்று தம்பி கேட்டான். சிரிக்கும்படியான கேள்வி இல்லை. படிக்கும் தலை தட்டின் மேல் மெல்லிய காற்றுப் படலத்தில்தான் மிதக்கிறது; காற்று மெலிந்தால் தலை தாழும். வழக்கமான டிஸ்குகளுக்கு 3,048 மீட்டர் வரை அனுமதி. பிதுருதலாகலை உச்சியே 2,524 மீட்டர்தான். ஆகவே இலங்கையில் எங்கே வீடு கட்டினாலும் கவலை இல்லை.

பெட்டி வந்தது. முதல் நாள் 1.3 டெராபைட்டை அதற்குள் நகர்த்தத் தொடங்கி, மூன்றரை மணித்தியாலத்தில் முடியும் என்று கணக்குப் போட்டுத் தேநீர் குடிக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் ஒன்றரை நாள் என்று காட்டுகிறது. குற்றவாளி ரவுட்டர். அதன் பின்பக்கத் துளைகள் நூறு மெகாபிட் வகை. பெட்டியும் கணினியும் ஜிகாபிட் வேகம் உடையவை என்றாலும் நடுவில் இருந்த வாசல் குறுகல். ஒரு சிறிய ஜிகாபிட் சுவிட்ச் வாங்கி இரண்டையும் அதில் மாட்டியதும் வேகம் பத்து மடங்கானது. பெட்டியைப் பற்றி எவ்வளவோ வாசித்தவன் கேபிள் போகும் வழியைப் பார்க்கவில்லை.

அம்மாவுக்குப் பெட்டியின் இரைச்சல் பிடித்துவிட்டது. தேயிலை ஃபெக்டரியில் காவல் தெய்வமான ரோதை முனிக்குப் படைத்துவிட்டுத்தான் இயந்திரத்தைத் தொடுவார்கள் என்று சொல்லி, இரண்டாம் நாள் பெட்டியின் தலையில் திருநீறு பூசியிருந்தார். காற்றுத் துளையில் போடாமல் மேல் மூடியில் பூசினாரே என்று விட்டுவிட்டேன்.

மின்சாரத்துக்கு வருவோம். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்கமாட்டோம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு ஏறியதாகச் சொல்லி நாடே இருண்டது. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் டிஸ்க் உடையாவிட்டாலும் அதன் கணக்குப் புத்தகம் குழம்பும். ஆகவே பெட்டிக்கு இணையாக யூபிஎஸ் கட்டாயம் என்பது என் கட்சி. மணிக்கணக்கில் ஓட்டுவதற்காக அல்ல. யூபிஎஸ்ஸிலிருந்து பெட்டிக்கு ஒரு யூஎஸ்பி கேபிள் போக வேண்டும். மின்சாரம் போய்ச் சில நிமிடங்களில் பெட்டி தானாக ஒழுங்காக அணைந்துகொள்ளும். அந்தக் கேபிள் வசதி இல்லாத யூபிஎஸ் விலை குறைவாகக் கிடைக்கும். வாங்க வேண்டாம். ஐப்பசி இடிமின்னல் காலத்தில் நான் எல்லாவற்றையும் சுவரிலிருந்து கழற்றி விடுகிறேன். அதற்கு ஈடான கருவி எதையும் இன்னும் யாரும் விற்கவில்லை.

இவ்வளவும் செய்தபின் நிம்மதியாக இருந்தேனா? ஒரு மாதம் இருந்தேன். ஜூன் மாதத்தில் ஒருநாள் தூக்கக் கலக்கத்தில், வெற்று ஃபோல்டர் என்று நினைத்து, “1984” என்ற முழு ஃபோல்டரை அழித்துவிட்டேன். இரண்டு டிஸ்குகளும் கண்ணாடி என்றேன் அல்லவா, கண்ணாடி தன் கடமையைச் செய்தது: இரண்டிலும் ஒரே நொடியில் அழிந்தது. இப்படி டிஸ்குகளைச் சேர்த்து வைக்கும் முறைக்குப் பெயர் ரெய்ட். அது டிஸ்க் சாவதற்கு மருந்து. ஆள் செய்யும் முட்டாள்தனத்துக்கு மருந்து இல்லை. என்னைக் காப்பாற்றியது ஸ்னாப்ஷாட். பெட்டியின் பிடிஆர்எஃப்எஸ் கோப்பு முறைமை, அப்படி அமைத்து வைத்தால், இரவுதோறும் அந்த நேரத்து நிலையை நினைவில் வைத்துக்கொள்கிறது. முந்தின இரவுக்குப் போய் ஃபோல்டரை இழுத்து வந்தேன். இரண்டு நிமிடம். பெட்டி வாங்கும்போது இந்த வசதி உண்டா என்று பார்க்காமல் வாங்காதீர்கள். திரை, செயலி, விளக்குகள் எல்லாம் பிறகு.

அதோடு, வெளியூரிலிருந்து பார்ப்பதற்காகப் பெட்டியை இணையத்துக்கு நேரே திறந்து வைக்க வேண்டாம். 2021 ஜூனில், 2015இலேயே மென்பொருள் புதுப்பிப்பு நின்றுபோன, மை புக் லைவ் என்ற வகைச் சேமிப்புப் பெட்டிகள் பல உலகமெங்கும் ஒரே இரவில் வெறுமையாயின. 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற பணம்பறி நிரல் ஆயிரக்கணக்கான நாஸ் பெட்டிகளைப் பூட்டிவிட்டுப் பிட்காயின் கேட்டது. எனக்கு டெயில்ஸ்கேல் என்ற மென்பொருள் போதுமாக இருக்கிறது: கைபேசிக்கும் பெட்டிக்கும் நடுவில் ஒரு தனிப் பாதை, தெருவுக்குக் கதவு இல்லை.

இனி, வீட்டுக்கு வெளியே ஒரு பிரதி.

எங்கள் தாத்தாவிடம் ஒரு தகரப் பெட்டி இருந்தது. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் எங்களை நாடற்றவர்கள் ஆக்கிய பிறகு, 1949இன் சட்டத்தின் கீழ் விண்ணப்பிப்பதானால் மணமானவர் 7 ஆண்டும் மணமாகாதவர் 10 ஆண்டும் தொடர்ச்சியாக இங்கே வசித்ததைக் காட்ட வேண்டியிருந்தது. லயத்தில் வாழ்ந்தவனிடம் அதற்கு என்ன அத்தாட்சி? பேர் பதிந்த துண்டு, பிறப்புப் பதிவு, தோட்டத்து டிஸ்பென்சரிச் சீட்டு. தாத்தா அவற்றைப் பெட்டிஷன் எழுதுபவரிடம் கொடுத்துத் தட்டச்சு செய்வித்து, ஒரு நகலைக் கோயில் பூசாரி வீட்டிலும் இன்னொன்றை நாவலப்பிட்டியில் ஒரு கடைக்காரரிடமும் வைத்திருந்தார். பீட்டர் குரோ என்ற அமெரிக்க நிழற்படக் கலைஞர் பரப்பிய 3-2-1 விதி இதையேதான் சொல்கிறது: மூன்று பிரதிகள், இரண்டு விதமான ஊடகங்கள், ஒன்று வேறு இடத்தில். தாத்தா முன்னோடி என்று பெருமை பேச எனக்கு மனம் வரவில்லை. அவர் அதைப் பயத்தில் செய்தார். விண்ணப்பமும் நிராகரிக்கப்பட்டது.

இணையத்தில் முழுவதையும் ஏற்றிவிடலாமே என்றால், எங்கள் இணைப்பின் ஏற்று வேகம் நல்ல நாளில் 10 மெகாபிட். 1.3 டெராபைட் ஏற இரவுபகலாக 12 நாட்கள், அதுவும் மாதத் தரவு எல்லை இடம் கொடுத்தால். மாதச் சந்தா டாலரில். 2022இல் டாலர் இருநூறிலிருந்து முந்நூற்றறுபதுக்குப் பாய்ந்ததைப் பார்த்தவனுக்கு டாலரில் மாதக் கடமை வைத்துக்கொள்ளத் துணிவு இல்லை. ஆகவே குடும்பப் பத்திரங்கள், அப்பாவின் பதிவுக் கொப்பியின் படங்கள், பெயர்ப் பட்டியல் என்று 6 ஜிகாபைட்டை மட்டும், கடவுச்சொல் இல்லாமல் வாசிக்க முடியாதபடி குறியாக்கம் செய்து, மேகம் என்கிற இணையச் சேமிப்புக்கு அனுப்பினேன். ஒன்றரை மணித்தியாலத்துக்குள் முடிந்தது. மற்றதற்குப் பழைய வழி: இரண்டு யூஎஸ்பி டிஸ்குகள். ஒன்று என் அலமாரியில், மற்றது பண்டாரவளையில் தம்பி வீட்டில். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கைத்துண்டில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு ரயில் ஏறி, மாற்றிக்கொண்டு வருவேன். நான்கு மணித்தியாலத்தில் 1.3 டெராபைட், ஜன்னலோரக் காட்சி இலவசம். எந்தக் கம்பனியும் எங்களுக்குத் தராத ஏற்று வேகம் அது.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தது. நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் மலைகள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கின. எங்களுக்கு ஐந்து நாட்கள் மின்சாரம் இல்லை. தம்பியின் கைபேசி இரண்டு நாட்கள் எடுபடவில்லை. அந்த இரண்டு நாட்களில் டிஸ்க் என்ற ஒன்று உலகில் இருப்பதே எனக்கு நினைவில்லை. மூன்றாம் நாள் குரல் கேட்டது: வீட்டின் பின்சரிவில் வெடிப்பு, குடும்பத்தோடு பாடசாலையில் தங்கியிருக்கிறார்கள், எல்லோரும் நலம். பேசி முடிக்கும்போது அவனேதான் சொன்னான்: “அண்ணே, உங்கள் டிஸ்கை எடுக்க நேரம் இருக்கவில்லை. அலமாரியில்தான் இருக்கிறது.”

வீடு தப்பியது, டிஸ்கும் தப்பியது. ஆனால் ஒரு பெரிய பிழை என் முகத்துக்கு நேரே நின்றது. நான் வேறு ஊர், வேறு மாவட்டம் என்று நிம்மதியாக இருந்தேன். டிக்கோயாவுக்கும் பண்டாரவளைக்கும் நேர்கோடு போட்டால் 45 கிலோமீட்டர் வராது. ஒரே மழை இரண்டின் மேலும் பெய்தது, இரண்டு இடத்துக்கும் ஒரே நாளில் சிவப்பு எச்சரிக்கை. மீரியபெத்தையில் 2014 அக்டோபர் 29ஆம் திகதி காலையில் மண்சரிவில் லயங்கள் புதைந்தபோதே இந்த மலைகளைப் பற்றி நான் அறிந்திருக்க வேண்டும். கிலோமீட்டரைக் கணக்கிட்டேன், எந்த ஓர் அழிவு இரண்டையும் சேர்த்து எடுக்கும் என்று யோசிக்கவே இல்லை.

சரி, கொழும்பு என்றால்? அங்கே களனி கங்கை ஏறி வீடுகளுக்குள் புகுந்தது. களனிக்கு நீர் கொண்டுபோவது கெசல்கமுவ ஓயாவும் மஸ்கெலிய ஓயாவும். எங்கள் வீட்டுக் கூரையில் விழுந்த மழைதான் அங்கே போய்ச் சேர்கிறது. கடைசியில் வெள்ளவத்தையில் மைத்துனியின் மூன்றாம் மாடி வீட்டைத் தேர்ந்தேன். மண் சரிய மலை இல்லை, வெள்ளம் மூன்று மாடி ஏறாது. கடற்காற்றின் உப்புக்காகச் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் போட்டுக் கொடுத்தேன். அதற்கு முன் அதில் அவர் முறுக்கு வைத்திருந்தார். அதைப் பற்றி இன்னும் கொஞ்சம் வருத்தம்.

டிஸ்க் குறியாக்கம் செய்யப்பட்டது. கடவுச்சொல் போனால் தயாரித்த கம்பனியே வந்தாலும் திறக்க முடியாது. எனக்கு ஏதாவது ஆனால் மனைவி எப்படித் திறப்பாள் என்ற கேள்விக்கு ஆறு மாதம் பலவிதமாக யோசித்துவிட்டு, ஒரு தாளில் பேனாவால் எழுதி, தாத்தாவின் தகரப் பெட்டியில், நிராகரிக்கப்பட்ட அந்த விண்ணப்பத்துக்கு அடியில் வைத்தேன்.

பௌர்ணமிப் போயா விடுமுறைதோறும் ஒரு சடங்கு வைத்திருக்கிறேன். மகள் கண்ணை மூடிக்கொண்டு ஓர் எண் சொல்வாள். அந்த எண்ணுள்ள கோப்பை, பெட்டியிலிருந்து எடுக்காமல், அலமாரி டிஸ்கிலிருந்து மீட்டுத் திறக்க வேண்டும். திறந்து பார்க்காத காப்புப் பிரதியை நான் இப்போது கணக்கில் சேர்ப்பதில்லை. சென்ற போயாவில் அவள் 6112 என்றாள். நான்கு நிமிடத்தில் வந்தது. ஓர் இளம்பெண், எண்ணெய் வைத்து இழுத்து வாரிய தலை, காதில் ஒன்றுமில்லை, காமிராவைப் பார்க்காமல் சற்று மேலே பார்க்கிறாள். பெயர் தொலைந்த ஒன்பதாயிரத்தில் ஒன்று.

பின்னால் நின்ற அம்மா மூக்குக்கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு வந்து குனிந்தார்.

“இவள் நோர்வூட்காரி. கல்யாணத்துக்கு வாங்கிய தோட்டை அடகு வைத்துவிட்டுத்தான் படம் எடுக்கவே வந்தாள். அப்பா காசு வாங்கவில்லை.”

பெயர் என்ன என்று கேட்டேன். சொன்னார். கோப்பின் பெயரை மாற்றிச் சேமித்தேன்.